வேதாளம் கேட்ட கேள்வியும் எங்கள் வீட்டுத் திண்ணையும்

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது அது மறுபடி பழைய இடத்துக்கே போய்விட்டால், "வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது" என்கிறோம். என் பேரனிடம் போன மாதம் இதைச் சொன்னேன். "வேதாளம்னா என்ன தாத்தா? அது ஏன் முருங்கை மரத்தில் ஏறணும்?" என்று கேட்டான். பதில் சொல்ல உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வயதொத்தவர்களுக்கு இது பழைய கதைதான். ஆனாலும் இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் கடைசியில் இருக்கிறது.

அம்புலிமாமாவை மறந்தவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். சுதந்திரம் வருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், 1947 ஜூலையில், தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் சென்னையிலிருந்து இந்தப் பத்திரிகை வெளிவந்தது. ஆரம்பித்தவர்கள் நாகி ரெட்டியும் சக்ரபாணியும். சினிமாப் பிரியர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாதாள பைரவி (1951), மிஸ்ஸியம்மா (1955), மாயா பஜார் (1957) எல்லாம் இவர்களுடைய விஜயா புரொடக்‌ஷன்ஸ் படங்கள்தான். வடபழனியில் ஒரு பக்கம் சினிமாவில் மாயமும் மந்திரமும். இன்னொரு பக்கம் பத்திரிகையில் மாயமும் மந்திரமும். இரண்டும் ஒரே வீட்டுச் சமையல்.

சக்ரபாணி தெனாலிக்காரர். சரத் சந்திரரின் வங்காள நாவல்களைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தவர். குழந்தைகளுக்கு எழுதும்போது வார்த்தை எளிமையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். 1952-இல் தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் ஆசிரியர் குழுவில் சேர்ந்து, 1980-இல் காலமாகும் வரை இருந்தார். கதைகள் முதலில் தெலுங்கில் எழுதப்படும். பிறகு மற்ற மொழிகளுக்குப் போகும். கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம், குஜராத்தி, ஒரியா, ஆங்கிலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பின்னாளில் சிங்களத்திலும் சமஸ்கிருதத்திலும்கூட வந்தது. எழுத்துதான் மாறும். படம் எல்லா மொழிக்கும் ஒன்றேதான்.

அந்தப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் அம்புலிமாமாவைப் 'படித்தார்கள்' என்றால் அதற்கு அந்த ஓவியர்கள்தான் காரணம். பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கும். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனாலும் பாதிக் கதை புரிந்துவிடும். 'சித்ரா' என்று கையெழுத்திட்ட ராகவன் ஆரம்ப காலத்திலிருந்தே வரைந்தவர். மைசூர்க்காரரான எம்.டி.வி.ஆச்சார்யா மகாபாரதக் காட்சிகளை அட்டையில் வரைந்தார். 'வபா' என்று கையெழுத்திட்ட வட்டாதி பாபய்யாவின் வண்ண அட்டைகளை வெட்டிச் சுவரில் ஒட்டாத வீடு குறைவு. 1952-இல் வந்து சேர்ந்தவர் சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன். கொங்கு நாட்டுக் கிராமத்தில் 1924-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் படித்து, கலைமகளில் கொஞ்சகாலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இன்றைக்கு வேதாளம் என்றதும் நம் கண்ணில் வந்து நிற்கும் படம் அவர் கைவண்ணம். உருவிய வாளோடு மயானத்தில் நடந்துவரும் ராஜா, தோளில் தொங்கும் பிணம், காலடியில் மண்டை ஓடு.

தொடர்கதைகளும் உண்டு. ராட்சசர்கள், மந்திரவாதிகள், பேசும் மிருகங்கள், பாழடைந்த கோட்டைகள் என்று மாதாமாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை 1954-லிருந்து எழுதியவர் தாசரி சுப்ரமணியம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பத்திரிகையில் அவர் பெயரைப் போடுவதில்லை. பல வருஷம் கழித்துத்தான் வாசகர்கள் அவர் யாரென்று தெரிந்துகொண்டார்கள். 2010-இல் காலமானார்.

ஆனால் எங்கள் வீட்டில் முதலில் புரட்டும் பக்கம் வேதாளக் கதைதான்.

இந்தக் கதை அம்புலிமாமாவில் பிறந்தது இல்லை. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே இருக்கிறது. அதில் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். கோதாவரிக் கரையிலுள்ள பிரதிஷ்டானம் அவன் ஊர். ஒரு சந்நியாசி தினமும் அவனுக்கு ஒரு பழம் கொண்டுவந்து கொடுக்கிறான். ஒருநாள் பழம் உடைந்து உள்ளேயிருந்து ரத்தினம் விழுகிறது. இதற்குக் கைம்மாறாக மயானத்து மரத்தில் தொங்கும் பிணத்தை ராத்திரியில் எடுத்துவர வேண்டும் என்கிறான் சந்நியாசி. பிணத்துக்குள் வேதாளம் இருக்கிறது. ராஜா வழியில் வாய் திறக்கக்கூடாது. வேதாளம் ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துச் சுக்குநூறாகும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் பறந்துவிடும். எப்படிப் போனாலும் நஷ்டம்தான்.

அந்த மரம் சமஸ்கிருதத்தில் சிம்சபா மரம். தமிழுக்கு வந்தபோது எப்படியோ நம் வீட்டுக் கொல்லை முருங்கை ஆகிவிட்டது. என் பேரன் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதுதான். கதை நம் ஊருக்கு வந்தால் நம் ஊர் மரத்தில்தானே ஏறும்! தமிழில் வேதாளக் கதை பழைய சரக்கு. பாபிங்டன் என்கிற வெள்ளைக்காரர் தமிழிலிருந்து அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1831-லேயே லண்டனில் அச்சாகியிருக்கிறது. அதற்கப்புறம் பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்றது. எங்கள் பாட்டிக்கு அம்புலிமாமா வருவதற்கு முன்பே பாதிக் கதைகள் மனப்பாடம்.

மூலத்தில் இருப்பவை 25 கதைகள்தான். மாதம் ஒன்று போட்டால் இரண்டு வருஷத்துக்குத்தான் வரும். அம்புலிமாமாவில் வேதாளம் பல பத்தாண்டுகள் கதை சொன்னது. எங்கெங்கிருந்தோ கதைகளை எடுத்து, புதிதாகவும் புனைந்து, வேதாளத்தின் வாயில் போட்டு, முடிவில் ஒரு கேள்வியையும் வைத்தார்கள். கதை எதுவாக இருந்தாலும், நின்று யோசித்து நியாயம் சொன்னால்தான் அந்த மாதத்துக் கதை முடியும். பிள்ளைகளுக்கான பத்திரிகையில் பிள்ளைகளையே நீதிபதியாக உட்கார வைத்தது அது. வேறு எந்தக் கதையும் எங்களை அப்படி மதித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் ஊர் குளித்தலைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. பத்திரிகை வாங்குகிற வசதி எங்கள் வீட்டில் கிடையாது. மேலத்தெருவில் மளிகைக் கடைக்காரர் வீட்டில் வாங்குவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்து, மூலை மடங்கி, முறுக்கு எண்ணெய் படிந்த பிறகு எங்களுக்கு வரும். அதை அக்கா வாசிப்பாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். சாயங்காலம் திண்ணையில் அவள் உட்கார்ந்தால் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றிலும் உட்காருவோம். படம் பார்க்க முன்வரிசைக்குச் சண்டை நடக்கும். அதனால் அக்கா ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி வலமிருந்து இடமாக எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவாள்.

வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் கட்டைவிரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவாள். "சொல்லுங்க பார்ப்போம். தெரிஞ்சும் சொல்லலேன்னா தலை வெடிச்சிடும்" என்பாள். ஆளுக்கொரு விடை சொல்வோம். சங்கத்திலிருந்து வரும் அப்பாவும் சைக்கிளை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு விடை சொல்வார். கடைசியில் அக்கா தன் விடையைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். பத்துக்கு எட்டு முறை விக்கிரமாதித்தன் சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றாக இருக்கும். முன்னாலேயே படித்துவிட்டு வருகிறாள் என்று எங்களுக்குச் சந்தேகம். ஒரு மாதம் மளிகைக் கடைக்காரர் வீட்டிலிருந்து புத்தகத்தை வாங்கி நான் நேராக அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அவர்தான் அவள் கையில் கொடுத்தார். அப்போதும் சரியாகவே சொன்னாள்.

புத்தகம் வர நாளான ஒரு மாதம் பாட்டி ஒரு கதை சொன்னாள். மூலத்திலேயே உள்ள கதை அது. மந்தாரவதி என்று ஒரு பெண். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அவள் ஜுரத்தில் இறந்துபோகிறாள். ஒருவன் அவள் சாம்பலின் மேலேயே படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போகிறான். மூன்றாமவன் எங்கோ போய், இறந்தவரை எழுப்பும் மந்திரத்தோடு திரும்பி வந்து அவளை உயிர்ப்பிக்கிறான். அவள் யாருக்கு மனைவி?

நாங்கள் எல்லோரும் மந்திரக்காரனுக்குத்தான் என்றோம். அவன் இல்லாவிட்டால் அவளே இல்லையே! அக்கா மட்டும் தலையை ஆட்டினாள். "உயிர் குடுத்தவன் அப்பா மாதிரி. எலும்பைக் கரைச்சவன் பிள்ளை மாதிரி. கூடவே கிடந்தவன்தானே புருஷன்?" என்றாள். பாட்டி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். விக்கிரமாதித்தன் சொன்ன விடை அதுதான். "இவ புத்திக்கு ஆம்பளையாப் பொறந்திருக்கணும்" என்றாள் பாட்டி. அந்தக் காலத்தில் அது பாராட்டு.

1959-இல் அக்கா எட்டாம் வகுப்பு முடித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஹைஸ்கூல் இரண்டரை மைல் தள்ளி. வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். அதே வருஷம் நான் ஃபர்ஸ்ட் ஃபாரத்துக்கு அந்த ஹைஸ்கூலில் சேர இருந்தேன். அக்கா நாலாவது ஃபாரத்துக்குப் போக வேண்டும். அவள் வகுப்பில் முதல் மாணவி. வாத்தியாரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. பெரிய பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று பாட்டி சொன்னாள். வேதாளக் கதை சொன்ன அதே பாட்டிதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மனம் இரண்டு பக்கமும் இருந்தது என்பது எனக்கே தெரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொல்றே? அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டுக் கூட்டிக்கிட்டு வருவியா?"

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றும் தெரியும். ஆனால் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பையன்களோடு ஓடிக்கொண்டும் மாங்காய் அடித்துக்கொண்டும் போகப் போகிறோம் என்று நான் இரண்டு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன். அக்காவோடு நடந்தால் கேலி செய்வார்களே என்ற பயம் வேறு. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அவனும் சின்னப் பையன். என்ன பண்ணுவான்?" என்றார். அதோடு முடிந்தது.

விடை தெரிந்தும் சொல்லவில்லை. தலை வெடிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி படுத்தபிறகு தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பதினோரு வயது எனக்கு.

அக்காவுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் ஆயிற்று. நான் படித்தேன், பாங்கியில் வேலை கிடைத்தது, ஊர் ஊராக மாற்றல் ஆனேன். 1980-களில் நாக்பூரில் இருந்தபோது ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மராத்தி நண்பர் ஒருவரிடம் இந்தப் பேச்சு வந்தது. அவர் 'சாந்தோபா' என்றார். நான் 'அம்புலிமாமா' என்றேன். பக்கத்தில் இருந்த ஒரியாக்காரர் 'ஜன்ஹமாமு' என்றார். மூன்று பேருக்கும் ஒரே ராஜா, ஒரே வாள், தோளில் ஒரே பிணம். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத வீடுகளில் நாங்கள் ஒரே படத்தைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அந்த நண்பர் வீட்டில் யார் வாசித்தார்கள் என்று கேட்டேன். அவருடைய அக்கா என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

பத்திரிகையின் பிற்காலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1998-இல் நின்று, ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்தது. 2007-இல் மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. இந்த முறை வேதாளம் மரம் ஏறவில்லை. ஓவியர் சங்கர் 2020 செப்டம்பரில் தமது 96-ஆவது வயதில் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அதை வாங்க அவர் இல்லை.

பேரனுக்குக் கதை சொன்ன மறுவாரம் அக்காவைப் பார்க்கச் சேலம் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டாள். கண் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு நன்றாகப் படிக்கிறாள். கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்து கொடுத்த பழைய அம்புலிமாமாவை வாசித்துக்கொண்டிருந்தாள். கேள்வி வந்ததும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடினாள். அறுபத்தைந்து வருஷம் கழித்தும் அதே விரல், அதே மாதிரி.

குழந்தை தூங்கிய பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "அக்கா, ஒரு வேதாளக் கதை" என்றேன். ஒரு ஊரில் ஒரு குமாஸ்தா, அவருக்குப் படிப்பில் கெட்டிக்காரியான ஒரு பெண், ஒரு சின்னப் பையன், ஒரு பாட்டி, ஒரு வாய்க்கால் கரை என்று முழுவதையும் சொன்னேன். கடைசியில், "போக வேண்டாமென்ற பாட்டி, பேசாமல் இருந்த அம்மா, சின்னப் பையனைக் கேட்ட அப்பா, தெரிந்தும் வாய் திறக்காத தம்பி. தப்பு யார் மேல?" என்று கேட்டேன்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தம்பி சின்னப் பையன், அவன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் போதும் என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது.

"அன்னிக்கு நானும் அங்கேதான் இருந்தேன்டா. உனக்கு ரசம் ஊத்தினது நான்தான்" என்றாள். "எங்கிட்ட யாருமே கேக்கலையே."

பிறகு எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது அந்த ஜெராக்ஸ் புத்தகத்தை என் கையில் கொடுத்து, பேரனுக்கு வாசித்துக் காட்டச் சொன்னாள். "பேத்தியையும் பக்கத்துல உக்கார வச்சுக்க. முதல்ல அவளைக் கேளு" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாசிக்கிறோம். முதலில் அவளைத்தான் கேட்கிறேன்.